ஆறாத புண்ணும் கூடி நகரும் செல்களும்



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருவோரில் காலில் ஆறாத புண்ணோடு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள். அண்மையில் வந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், "மருந்து போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், ஏன் ஆறவில்லை?" என்று கேட்டார். அதற்கான விடைதான் இந்த இதழின் பாடம்.

நம் கரையிலிருந்தே தொடங்குவோம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. 1973-இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார். ஓட்டில் கடைந்த சிறு மணியைச் சிப்பியின் சதைக்குள் வைத்து, இன்னொரு சிப்பியின் ஓட்டை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதைத்திரையில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் பொருத்துவார்கள். அந்தத் துண்டின் செல்கள் பெருகி, ஒன்றையொன்று விடாமல் நகர்ந்து, மணியைச் சுற்றிப் பைபோல மூடிக்கொள்ளும். முத்தின் பளபளப்பை அடுக்கடுக்காகப் பூசுவது அந்தப் பைதான்.

நம் உடலில் புதிய இரத்தக் குழாய் உண்டாவதும் செல்கள் இப்படிக் கூடி நகர்வதால்தான். புண்பட்ட இடத்தில் பிராணவாயு குறையும்போது, அங்குள்ள செல்கள் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தை வெளிவிடுகின்றன. அதை உணர்ந்த அருகிலுள்ள நுண்குழாயின் உட்சுவரில் ஒரு செல் முன்னே வருகிறது. மெல்லிய விரல்கள் போன்றவற்றை நீட்டித் தடவியபடி அது வழி தேடும். பக்கத்துச் செல்களுக்கு "நீ முன்னே வராதே, பின்னால் வா" என்று சமிக்ஞையும் கொடுக்கும். அவை கைகோத்ததுபோல ஒட்டியபடி பின்தொடர்ந்து, பெருகி, நடுவே துளைவிட்டுக் குழாயாகின்றன. எதிரே வரும் இன்னொரு கிளையோடு சேர்ந்ததும் இரத்தம் ஓடத் தொடங்கும்.

முன்னே போகும் செல் கடைசிவரை அதேதான் என்றில்லை. பின்னால் இருப்பது முன்னேறி அந்த இடத்தைப் பிடிப்பதும் உண்டு என 2010-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொழுகையின் நடுவே இமாமுக்கு உளூ முறிந்தால் பின்வரிசையிலிருந்து ஒருவர் முன்னே நின்று தொடர்வது நமக்குத் தெரிந்ததுதானே!

சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்படாமல் இருந்தால் இந்த அணி தளர்ந்துபோகிறது. காலில் புதிய குழாய்கள் போதுமான அளவு வளர்வதில்லை. பெரிய குழாய்களும் சுருங்கிவிடும். நரம்பு மரத்துப்போவதால் உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நடக்கையில் ஏற்பட்ட கீறல் தெரிவதுமில்லை. மேலே தடவும் களிம்பு மட்டும் இதற்கெல்லாம் எப்படிப் போதும்?

வியப்பு என்னவென்றால், அதே நோயாளியின் கண்ணில் நடப்பது நேர்மாறு. விழித்திரையில் வேண்டாத குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை. கசிந்து, உடைந்து, பார்வையையே பறித்துவிடும். வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசியும் லேசர் சிகிச்சையும் அதற்குத்தான்.

அந்தச் சகோதரரிடம் "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்டோம். "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு?" என்றார். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக்காட்டுவது அந்தப் பரிசோதனை ஆகாது.