மேரி எத்தனை எழுத்து?

சென்ற ஆண்டு ஒரு போட்டியில் நான் பெற்ற சான்றிதழில் 'மேரி' என்ற என் பெயர் 'மேர' என்று அச்சாகியிருந்தது. எல்லாரும் சிரித்தனர், எனக்கோ அழுகை வந்தது. மேல்விலங்கைக் கணினி எப்படி விழுங்கிற்று? ஃபோர்த் என்னும் கணினி மொழியைப் பழகியபோதுதான் காரணம் விளங்கிற்று.

சார்லஸ் மூர் என்பவர் 1970ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய மொழி இது. விடுதியில் கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்ததையே முதலில் எடுப்போம். ஃபோர்த்தின் அடுக்கும் அப்படித்தான். பொருளை முதலில் அடுக்கில் வைத்து, செயலைப் பின்னர்ச் சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியமும் வினையில்தானே முடிகிறது! அச்சிடும் 'டைப்' என்ற சொல்லுக்கு 'அச்சிடு' என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். பிறகு, எஸ்" மேரி" அச்சிடு என்றால் போதும்.

எழுத்துகளைக் கோத்த தொடருக்குச் சரம் என்று பெயர். முகவரி, நீளம் என்ற இரண்டு எண்களாக அது அடுக்கில் அமரும். சொற்களுக்குப் பெயரிடவும் ஒரு மரபு உண்டு. புள்ளி என்றால் காட்டு; @ என்றால் எடு; ! என்றால் வை. முன்னால் 'சி' சேர்ந்தால் ஒரு கேரக்டர் அளவுக்கு மட்டும். அகரம் என்றால் குறில், ஆகாரம் என்றால் நெடில் என்று நம் இலக்கணத்திலும் பெயரே அளவைச் சொல்லிவிடுகிறதன்றோ!

வில்லங்கம் அந்த 'சி'யில்தான். பெயர் கேரக்டர், எண்ணுவதோ பைட். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மேரி என்பது ம, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என 4 குறிகள். ஆகவே நீளம் 12 என்கிறது ஃபோர்த். 9 பைட்டில் வெட்டிப் பார்த்தேன். திரையில் 'மேர' வந்து நின்றது! என் சான்றிதழிலும் இதுவே நடந்திருக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டுத் தரநிலையில் 'எக்ஸ்' என்று தொடங்கும் பெயர்கள் சேர்ந்தன. 'எக்ஸ்கேர்+' ஒரு முழுக் குறியைத் தாண்டும். அப்போதும் மேரிக்கு 4தான். நாம் எழுத்து என்று சொல்வதற்கு அங்கே பெயரே இல்லை.

அதே மரபில் நானும் என் தோழியும் 'எழுத்து+' என்றொரு சொல்லை அமைத்தோம். அது ஒரு குறியைத் தாண்டிய பின், தொடர்ந்து வரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் சேர்த்தே தாண்டும். மேரிக்கு 2 வந்தது, மதுரைக்கு 3. 'லக்ஷ்மி'க்கு மட்டும் 4 என்கிறது. க்ஷ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்று எங்களுக்குள் வழக்கு. தமிழம்மாவிடம் கொண்டுபோயிருக்கிறோம்.