புதுச் சேமிப்பகமும் விழியாக் கணினியும்

இக்காலத்துத் தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் கணினி இன்றியமையாக் கருவியாயிற்று. கல்வெட்டுப் படங்களும், பாடவேறுபாட்டுக் குறிப்புகளும், ஆய்வேடும் அதனுள்ளேயே உறைகின்றன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர் இல்லங்களிலும் கணினி புகுந்தது. அந்நாளில் வந்தவை இன்று அகவை முதிர்ந்தன. அண்ணன் பயின்ற கருவியில் தங்கை பயிலும் இல்லத்தார், புதியது வாங்கப் பொருளின்மையின், பழைய வன்தட்டை அகற்றி, எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்திக்கொள்கின்றனர். சுழலும் தட்டும் அதன்மேல் அசையும் முனையும் இதற்கில்லை. சில்லுகளிலிருந்தே செய்தியைப் படித்துத் தருதலின் விரைவு மிகும். ஆயினும், பொருத்திய பின்னர், தொடங்குதற்குரிய சாதனம் இல்லையெனக் கருந்திரையில் ஒரு வரி காட்டிக் கணினி வாளாநிற்பதும் உண்டு. அந்நிலையில் செய்யத்தக்கன யாவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கணினி விழித்தெழும் முறையை அறிதல் வேண்டும். மின்விசையை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள் முதலில் எழுகின்றது. பழைய கருவிகளில் இது பயாஸ் எனவும், புதியவற்றில் யூஇஎஃப்ஐ எனவும் பெயர்பெறும். அது நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதித்து, தனக்குக் குறித்துவைத்த வரிசைப்படி சேமிப்பகங்களை நாடும். அவற்றுள் தொடக்கநிரல் எங்குள்ளதோ அங்கே பொறுப்பை ஒப்படைக்கும். அத்தொடக்கநிரலே விண்டோஸ் அல்லது லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அழைக்கும். எனவே, கணினி எழாதவிடத்து, இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்று முறையே தேடுதலே அறிவுடைமை.

முதல் வினா: நிலைபொருள் புதுச் சேமிப்பகத்தைக் காண்கின்றதா? மின்விசையை அழுத்தியவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டினால் அதன் பக்கம் திறக்கும்; விசை கருவிதோறும் வேறுபடும். ஆண்டுச் சேமிப்பகத்தின் பெயர் இல்லையேல், பழுது இணைப்பில் உளது. மின்னை முற்றும் நிறுத்திக் கழற்றி மீண்டும் நன்கு அழுத்திப் பொருத்துக. எம்.2 என்னும் சிறு பலகை வடிவச் சேமிப்பகமாயின் மற்றொன்றும் நோக்குக. அவ்வடிவில் சாட்டா, என்விஎம்இ என இருவகை உள. தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவகையையே ஏற்கும் செருகுவாயில் மற்றது பொருந்தினும் புலப்படாது. மேலும், என்விஎம்இ முறையின் முதல் வரையறை 2011-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஆதலின் அதற்கு முற்பட்ட பலகைகள் அவ்வகைச் சேமிப்பகத்திலிருந்து தொடங்க அறியா.

இரண்டாவது வினா: வரிசை சரியா? விழுப்புரம் சந்திப்பில் நிற்போர், மயிலாடுதுறை வழியும் விருத்தாசலம் வழியும் தண்டவாளம் பிரிவதைக் காண்பர். வண்டியும் ஓட்டுநரும் நல்லராயினும், பாதை திருப்பப்படாவிடின் சேருமிடம் வேறாகும். அதுபோலவே, தொடக்க வரிசையில் புதுச் சேமிப்பகம் முதலிடம் பெறாவிடின், நிலைபொருள் வேறிடம் நாடும்.

மூன்றாவது வினா: முறை ஒத்ததா? அகலப்பாதை வண்டி மீட்டர்ப் பாதையில் ஓடாதவாறுபோல, பழைய முறையில் தொடங்கும் கணினிக்கு எம்பிஆர் என்னும் பகுப்பு அட்டவணையும், யூஇஎஃப்ஐ முறையில் தொடங்குவதற்கு ஜிபிடி அட்டவணையும் விண்டோஸுக்கு வேண்டப்படும். ஒன்றைப் பிறிதோடு கலந்தால் கணினி எழாது. பழந்துருத்தியும் புதுரசமும் பற்றிய உவமையை நம் கல்லூரியார் நன்கறிவர்.

நான்காவது வினா: தொடக்கநிரல் உளதா? யூஇஎஃப்ஐ முறையில் அது தனியே ஒரு சிறு பகுதியில் உறையும். கோப்புகள் நிறைந்த பெரும்பகுதியில் அன்று. பெரும்பகுதியை மட்டும் படியெடுத்தால், நூலனைத்தும் வந்தும் திறவுகோல் வாராதவாறாம். இரு சேமிப்பகங்களையும் ஒருங்கே வைத்து விண்டோஸை நிறுவினும் அந்நிரல் பழையதிலேயே தங்குதல் கூடும். பின்னர்ப் பழையதைக் கழற்றியதும் புதியது எழாது.

நிற்க. திண்டிவனத்தைச் சார்ந்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், மண்டகப்பட்டு, தளவானூர், பனைமலை ஆகிய பல்லவர் கோயில்களைப் பற்றி ஆய்வேடு எழுதிவந்தார். அவர்தம் மடிக்கணினி புதுச் சேமிப்பகம் பெற்றபின் எழவில்லை. கடையொன்றில் காட்ட, தாய்ப்பலகை பழுதென்றும் அதனை மாற்றல் வேண்டுமென்றும் உரைத்தனர். அத்தொகை அவர் இல்லத்தாரால் இயலாதது. ஏட்டினை ஒப்படைக்க ஒன்பது நாளே எஞ்சியிருந்தன. விடுதியில் யாங்கள் கூடி மேற்கூறிய முறையே ஆராய்ந்தோம். பழைய வன்தட்டை மீண்டும் பொருத்தியபோது கணினி, மெல்லவேனும், எழுந்தது. பலகை பழுதாயின் அஃது எவ்வாறு எழும்? அப்போதே அவர் முகம் தெளிந்தது. புதியதைப் பொருத்தி நோக்க, நிலைபொருள் அதனைக் கண்டது. வரிசையும் முறையும் சரியே. இறுதியில், பெரும்பகுதி மட்டுமே படியெடுக்கப்பட்டமையும் தொடக்கப் பகுதி விடுபட்டமையும் புலப்பட்டன. பழைய தட்டின் எல்லாப் பகுதிகளையும் முழுமையாகப் படியெடுத்தோம். கணினி எழுந்தது, ஏடும் உரிய நாளில் சேர்ந்தது.

இதனால் நாம் கொள்ளத்தக்கன மூன்று. ஒன்று, புதியது பலமுறை தடையின்றி எழும்வரை பழைய தட்டில் ஒன்றையும் அழித்தல் ஆகாது. தோழர்க்கு உயிர் கொடுத்தது அதுவே. இரண்டு, பெரும்பொருள் செலவிட ஒருவர் கூறின், இப்பழுது எக்கண்ணியில் உளது, அதனை எவ்வாறு அறிந்தீர் என்று பணிவுடன் வினவுதல் வேண்டும். மூன்று, ஆய்வுக் குறிப்புகளை ஓரிடத்தே வைத்தல் தகாது. மண்டகப்பட்டுக் குடைவரையைச் செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றி அமைத்ததாக மகேந்திரவர்மன் கல்லிற் பொறித்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அவ்வெழுத்து நிற்கின்றது. நம் எழுத்தோ மேசையினின்று ஒருமுறை கருவி வீழ்ந்தாலே அழியத்தக்கது. ஆதலின் ஒரு படி வேறொரு சேமிப்பகத்திலும், மற்றொரு படி பிறிதோரிடத்திலும் இருத்தல் வேண்டும்.

கணினி நூல் பயில்வார்க்கே உரிய கலை இஃதென்று தமிழ் மாணாக்கர் ஒதுங்குதல் முறையன்று. ஏட்டில் சிதைந்த அடியை முன்பின் நோக்கிப் பொருத்தும் பொறுமை நமக்குண்டு. அப்பொறுமையே ஈண்டும் போதும்.