அறுந்து போகாத பாட்டு



பாட்டுப் பூசையில் நீண்ட வரியொன்றைப் பாடும்போது, நடுவில் எல்லாரும் ஒரேயடியாக மூச்சு வாங்க, பாட்டு அறுந்து போவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூச்சு வாங்காமல் பாட எவராலும் ஆகாது. அப்படியிருக்க, பாட்டு அறாமல் ஓடுவது எப்படி? பழைய தேவசங்கீதத்தைப் பாடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவிடம் இதற்கு விடை உண்டு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மட்டுமல்ல, குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் அது உதவும்.

1. குழுவும் அதன் முறையும்

இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரில், 1973-ம் ஆண்டு பீட்டர் பிலிப்ஸ் என்பவர் ஒரு பாடற்குழுவைத் தொடங்கினார். 1585-ல் இறந்த தாமஸ் டாலிஸ் என்னும் சங்கீத வித்துவானின் பெயரால் அதற்கு "டாலிஸ் ஸ்காலர்ஸ்" என்று பெயர். 15, 16-ம் நூற்றாண்டுகளின் பல குரற் சங்கீதமே இக்குழுவினர் முக்கியமாகப் பாடுவது. வாத்தியம் கிடையாது, மனிதக் குரல் மட்டுமே.

பல குரற் சங்கீதம் என்றால் என்ன? எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. நான்கைந்து குரல்கள், ஒவ்வொன்றும் தன் தன் மெட்டோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிச் செல்லும். அக்காலத்தில் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம் அச்சிடுவது வழக்கம். பாடுகிறவன் கையில் அவன் பகுதி மட்டுமே இருக்கும். மற்றவர் பகுதியைக் காதால்தான் அறிய வேண்டும். ஆகையால், பிறர் குரலைக் கேளாதவன் இச்சங்கீதத்தைப் பாட முடியாது.

இக்குழுவில் வழக்கமாகப் பத்துப் பேர், குரலுக்கு இருவர். தனித்துத் தெரிய எவரும் முயல்வதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் வரியைத் தாங்கிக்கொள்கிறார். அவர் திரும்பி வந்ததும் இவர் மூச்சு வாங்குகிறார். கேட்கிறவர்களுக்கோ பாட்டு அறுந்ததாகவே தெரியாது.

2. மறைவில் பாடிய பூசை

இக்குழு 1984-ல் ஒலிப்பதிவு செய்தவற்றுள் வில்லியம் பேர்ட் என்பவர் இசையமைத்த பூசைகள் மூன்று. பேர்ட் டாலிஸின் இளைய தோழர்; இருவரும் 1575-ல் சேர்ந்து லத்தீன் பாடல் நூலொன்றை வெளியிட்டார்கள். எலிசபெத் ராணியின் அரண்மனைக் கோயிலில் ஊழியம் செய்தும், பேர்ட் கத்தோலிக்கராகவே நிலைத்து நின்றார்.

அந்நாளில் அது எளிதன்று. 1581-ம் ஆண்டுச் சட்டப்படி பூசை காண்பவனுக்கு ஓராண்டுச் சிறையும் அபராதமும் உண்டு. 1585-ல் வந்த சட்டமோ குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை விதித்தது. அந்த நாட்களில்தான், 1590-களில், மூன்று குரலுக்கு ஒன்றும், நான்கு குரலுக்கு ஒன்றும், ஐந்து குரலுக்கு ஒன்றுமாகப் பேர்ட் பூசைகளுக்கு இசையமைத்தார். அச்சிட்ட புத்தகங்களில் தலைப்புப் பக்கம் இல்லை, அச்சிட்டவர் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. பேர்ட் தம் பெயரை மட்டும் மறைக்கவில்லை.

பெரிய தேவாலயங்களில் அவற்றைப் பாட வழியில்லை. வீட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கூடிய சிலர் பாடுவதற்கென்றே அவை அமைந்தன. பேர்டின் லத்தீன் பாடற்புத்தகங்களை வைத்திருந்த காரணத்துக்காக 1605-ல் பிரெஞ்சு நாட்டவர் ஒருவர் லண்டனில் கைதாகிச் சிறையில் அடைபட்டார். பாட்டுப் புத்தகத்துக்குச் சிறைவாசம்! நம் கையில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

3. மீண்டும் எழுந்த குரல்

பேர்ட் 1623-ல் இறந்தார். அவர் பூசைகள் நெடுங்காலம் பெரும்பாலும் பாடுவாரின்றிக் கிடந்தன. 1901 முதல் 1924 வரை வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் பாடற்குழுத் தலைவராயிருந்த ரிச்சர்ட் டெரி, அவற்றைத் திரும்பவும் பூசையில் பாடச் செய்தார். 1903-ல் அர்ச். பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளையும் இப்பழைய சங்கீதத்துக்கு மதிப்பளித்தது. பின்பு டாலிஸ் ஸ்காலர்ஸ் போன்ற குழுக்கள் அதைக் கச்சேரி மண்டபங்களிலும் இசைத்தட்டுகளிலும் உலகெங்கும் பரப்பின. 1994-ல் ரோமையில் சிக்ஸ்தீன் சிற்றாலயத்து மைக்கேலாஞ்சலோவின் சித்திரங்களைப் புதுப்பித்து முடித்தபோது, அங்கே பாடியதும் இக்குழுவே.

ஒரு தலைமுறை மூச்சிழந்த இடத்தில் இன்னொரு தலைமுறை பாட்டைத் தாங்கிக்கொண்டது.

4. நமக்குப் படிப்பினை

குடும்ப ஜெபத்தைக் கவனியுங்கள். தகப்பனார் வேலைக் களைப்பில் சோர்ந்திருக்கும் இரவு உண்டு. துக்கத்தால் தாய்க்கு வாய் திறக்க வராத நாள் உண்டு. வளர்ந்த பிள்ளை ஒரு காலம் மௌனமாகவே உட்கார்ந்திருப்பான். அவர்களைக் கடிந்துகொள்ளாதேயுங்கள், அவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். அந்நேரம் நீங்கள் வரியைத் தாங்குங்கள். ஆனால் மூச்சு வாங்குகிறவர் திரும்பி வரவும் வேண்டும். தாங்குகிறவருக்கும் ஒருநாள் மூச்சு முட்டும் அல்லவா?

பேர்டின் நான்கு குரற் பூசையில் செம்மறிப்புருவைப் பாட்டு இரண்டு குரலோடு தொடங்குகிறது. பின்பு மூன்று குரலாகிறது. சமாதானம் கேட்கும் கடைசி மன்றாட்டில் நான்கு குரலும் ஒன்று சேர்கின்றன. உங்கள் வீட்டில் இன்றிரவு ஜெபிக்க இரண்டு பேர்தான் உண்டா? தொடங்குங்கள்.

பிள்ளைகளிடம் கேட்க:

1. பல குரற் சங்கீதம் பாடுகிறவன் ஏன் பிறர் குரலைக் கேட்க வேண்டும்?

2. பேர்டின் பூசைப் புத்தகங்களில் அச்சிட்டவர் பெயர் ஏன் இல்லை?

3. நம் வீட்டில் இப்போது மூச்சு வாங்குகிறவர் யார்? அவருக்காக வரியைத் தாங்குகிறவர் யார்?