காணொளிப் பாடமும் தேடுவோரும்

ஒரு பொருள் உளதாதல் வேறு. அது வேண்டுவோர் கைக்கு எட்டுதல் வேறு. நூல்நிலையத்திலே பதினாயிரம் நூல்கள் இருப்பினும், பெயர்ப்பட்டியல் இல்லையேல் வேண்டிய நூலை வேண்டிய பொழுதில் எடுத்தல் அரிது. முதுகிலே பெயர் எழுதப்படாத நூல் இருந்தும் இல்லாததே. இவ்வுண்மை இணையத்தில் ஏற்றப்படும் காணொளிப் பாடங்களுக்கும் முற்றும் பொருந்தும்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனாப் பெருந்தொற்றினால் இலங்கையிற் பாடசாலைகள் மூடப்பட்டன. அக்காலத்திலே ஆசிரியர் பலர் தம் பாடங்களைக் காணொளியாக்கி யூரியூப்பில் ஏற்றினர். தெளிவாகக் கற்பிக்கப்பட்ட பாடமும் சில வேளைகளில் மாணவரைச் சென்றடையாது நின்றுவிடுகின்றது. அதனால் இழப்பு ஆசிரியருக்கு மாத்திரமன்று. தனிவகுப்புக்குச் செல்ல வசதியற்று, அப்பாடத்தையே தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கே பேரிழப்பு. குறை பெரும்பாலும் கற்பித்தலில் இல்லை, பெயரிடுதலிலேயே உள்ளது. ஆகவே, இத்துறையின் அடிப்படைகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

யூரியூப் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரில் 23 ஆம் நாள் ஏற்றப்பட்ட முதற் காணொளி, அதனை நிறுவியோருள் ஒருவரான ஜாவெட் கரீம் விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன்னின்று பேசும் 19 விநாடிக் காட்சியாகும். 2006 இல் கூகிள் நிறுவனம் அதனை 165 கோடி அமெரிக்க டொலர் பெறுமதிக்கு வாங்கிற்று. இன்று அங்கே குவியும் காணொளிகளை மனிதர் இருந்து வகைப்படுத்தல் இயலாது. பொறியே அதனைச் செய்கின்றது.

ஒருவர் தேடற் பெட்டியிற் சொற்களை இட்டதும் அப்பொறி மூன்றினை நோக்குகின்றது. அச்சொற்கள் காணொளியின் தலைப்பு, விளக்கக் குறிப்பு, உள்ளடக்கம் என்பவற்றோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பது ஒன்று. அதே சொற்களைத் தேடி வந்தோர் அக்காணொளியை நின்று பார்த்தனரா என்பது மற்றொன்று. ஏற்றியவரின் அலைவரிசை அப்பொருளில் நம்பத்தக்கதா என்பது மூன்றாவது. முற்காலத்தில் எத்தனை பேர் திறந்தனர் என்ற எண்ணிக்கைக்கே முதன்மை இருந்தது. வெறுங் கவர்ச்சித் தலைப்புகள் மலிந்தமையால், 2012 முதல் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு முதன்மை அளிக்கப்பட்டது.

முதலாவது, தலைப்பு. "பாடம் 7" என்று பெயரிட்டால் அதனைத் தேடுவார் யார்? "வேற்றுமைப் புணர்ச்சி: எளிய விளக்கம், க.பொ.த. சாதாரண தரம்" என்றால், பொருளும் தரமும் ஒருங்கே விளங்கும். கைபேசித் திரையில் நீண்ட தலைப்பின் பிற்பகுதி மறைந்துவிடுமாதலால், இன்றியமையாத சொல் முன்னே நிற்றல் வேண்டும். தலைப்பின் எல்லை 100 எழுத்து. ஆயினும் பொறியின் எண்ணுமுறை நம் இலக்கணத்தின் எண்ணுமுறை அன்று. "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து. பொறியோ விசிறியையும் புள்ளியையும் தனித்தனி கொண்டு அதனை ஐந்தென எண்ணும். ஆதலால் தமிழ்த் தலைப்பைச் சுருக்கமாக அமைத்தல் நன்று.

இரண்டாவது, மாணவர் வழங்குஞ் சொல்லை அறிதல். தேடற் பெட்டியிற் பாடப்பொருளின் முதற் சொல்லை இட்டுப் பார்த்தால், பிறர் தேடும் தொடர்கள் கீழே வரிசையாய்த் தோன்றும். இலங்கை மாணவன் "இரசாயனவியல்" என்று தேடுவதைத் தமிழ்நாட்டு மாணவன் "வேதியியல்" என்று தேடுவான். நம் "பௌதிகவியல்" அங்கே "இயற்பியல்". இருவர்க்கும் பயன்படும் பாடமாயின் ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை விளக்கக் குறிப்பிலும் அமைக்கலாம். தமிழை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுவோரும் பலராதலின், அவ்வடிவத்தையும் குறிப்பில் ஓரிடத்திற் சேர்த்தல் தகும்.

மூன்றாவது, எழுத்துரு. நம் நாட்டிற் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் பொறிக்கு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையே. அதனை அப்படியே இணையத்தில் இட்டால் எந்தத் தேடலிலும் அகப்படாது. யூனிக்கோட் முறையிலேயே எழுதுதல் வேண்டும். 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது.

நான்காவது, விளக்கக் குறிப்பு. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகள் எட்டு என்று நன்னூல் வகுத்துள்ளது. அவற்றுள் நூலின் பெயர், அது நுதலும் பொருள், அதனைக் கேட்டற்குரியார், அதனால் எய்தும் பயன் ஆகிய நான்கும் காணொளிக் குறிப்புக்கும் அப்படியே உரியன. 5000 எழுத்து வரை இடமிருப்பினும் முதலிரு வரிகளே உடனே கண்ணிற் படுவன. ஆகையாற் சாரத்தை அங்கே வைத்தல் வேண்டும். நீண்ட பாடத்தை நேரக் குறிப்பிட்டு இயல்களாகப் பகுக்கவும் 2020 முதல் வசதியுண்டு. முதற் குறிப்பு 0:00 ஆதல் வேண்டும். குறிப்புகள் மூன்றுக்குக் குறையாது வரிசையில் அமைதல் வேண்டும். ஒவ்வோர் இயலும் 10 விநாடிக்குக் குறையாதிருத்தல் வேண்டும். பேச்சை எழுத்தாக்கி வசனவரியாய்ச் சேர்த்தால், செவிப்புலன் குன்றிய மாணவர்க்கும் அப்பாடம் பயன்படும்.

குறிச்சொற்களைப் பற்றி ஒரு சொல். அவற்றின் பங்கு சிறிதே என்றும், அடிக்கடி பிழையாக எழுதப்படும் சொற்களுக்கே அவை உதவும் என்றும் யூரியூப் நிறுவனமே கூறுகின்றது. "இலக்கணம்" என்பதை "இலக்கனம்" என எழுதித் தேடும் மாணவனும் நம் மாணவனே. பிழையைத் தலைப்பில் ஏற்றாது, குறிச்சொல்லில் மாத்திரம் வைத்து, அவனைச் சரியான வடிவத்திடம் அழைத்துவரலாம். மொழித் தூய்மையும் கெடாது; மாணவனும் வழிதவறான்.

இனி, தவிர்க்க வேண்டுவனவும் உள. பாடத்தில் இல்லாத பொருளைத் தலைப்பிற் கூறல், தேடப்படும் சொற்களையெல்லாம் குறிப்பில் அடுக்கல், வினாத்தாள் வெளியாயிற்று என்றாற்போலப் படத்தில் எழுதி மருட்டல் என்பன அந்நிறுவனத்தின் விதிகளுக்கும் மாறானவை. காணொளி நீக்கப்படவுங் கூடும். ஏமாந்து வந்தவன் சில விநாடிகளில் அகன்றுவிடுவானாதலால், பார்க்கும் நேரமுங் குறைந்து அக்காணொளி பின்தள்ளப்படும். எல்லாவற்றினும் மேலாக, கற்பிப்போன் சொல்லில் மாணவன் வைத்த நம்பிக்கை கெடும். அதனை மீட்டல் எளிதன்று.

தேடலுக்கேற்ப அமைத்தல் என்பது பொறியை ஏமாற்றும் சூழ்ச்சி அன்று. உள்ளதை உள்ளவாறு உரிய பெயரால் அழைத்தலே ஆகும். நல்ல பெயர் தாழ்ந்த பாடத்தை உயர்த்தாது. பெயரின்மையோ உயர்ந்த பாடத்தையும் மறைத்துவிடும். காணொளியை ஏற்றிய பின்னரும், எச்சொற்களால் மாணவர் வந்தனர் என்பதனை யூரியூப் காட்டும் கணக்கிற் கண்டு, தலைப்பையும் குறிப்பையும் திருத்திக்கொள்ளலாம். நம் பழைய மாணவருள் மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியரும் பல நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் தாம் கற்றதில் ஒரு பாடத்தையேனும் தமிழிற் பேசி, தகுந்த பெயரிட்டு ஏற்றுவார்களாயின், இன்று இக்கல்லூரியின் வாங்கிலிருந்து படிக்கும் மாணவன் அதனைத் தேடியெடுத்துப் பயன் கொள்வான்.