வெந்தய வரியனில் ஆணும் பெண்ணும்

களிறு, பிடி என்றாற்போல உயிர்களின் ஆண்பால் பெண்பாற் பெயர்களை மரபியலில் தொகுத்துரைத்தார் தொல்காப்பியர். வண்ணத்துப் பூச்சிக்கோ அத்தகைய பெயர் நம் வழக்கில் இல்லை; ஆயின் அடையாளம் உண்டு. அதனைத் திருவண்ணாமலையில் எளிதிற் காணத்தக்க ஒரு பூச்சியைக் கொண்டு விளக்க விழைகின்றோம்.

மலையை வலம்வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பாதையை அடுத்த தரிசுகளில், எருக்கு வளர்ந்துள்ள இடத்தில் இளவேனிற் காலையிற் சிறிது பொறுத்து நின்றால், வெந்தய வரியன் தாழப் பறந்து வருதலைக் காணலாம். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் கிரைசிப்பஸ் என்று பெயரிட்டது இதற்கே. சிறகுகள் செம்மஞ்சள் நிறத்தன. முன்சிறகின் நுனி கரியது. அக்கருமையில் வெண்புள்ளிகள் பட்டையாய் அமைந்துள்ளன. பின்சிறகின் நடுவே கரும்புள்ளிகள் உள. அவற்றை எண்ணுக. மூன்றாயின் பெண், நான்காவதாகச் சற்றே புடைத்த பெரும்புள்ளி ஒன்று காணப்படின் ஆண். சிறகை மூடி அமர்ந்திருக்கையில் அப்புள்ளி வெள்ளிய நடுவுடையதாய்த் தோன்றும். பெண்ணை ஈர்க்கும் மணச்செதில்கள் அடங்கிய பையே அது. அம்மணத்திற்கு வேண்டும் பொருளை ஆண், தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை முதலிய செடிகளினின்று உறிஞ்சிக் கொள்ளும்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். செம்மஞ்சட் பூச்சி யாவும் வெந்தய வரியன்தானோ? அன்று. இதன் புழு எருக்கிலையைத் தின்று, அதன் பாலிலுள்ள நஞ்சை உடலிற் சேர்த்து வைக்கும். பூச்சியை உண்ட பறவை குமட்டி உமிழ்ந்து, பின்னர் அந்நிறத்தையே அஞ்சி விலகும். அவ்வச்சத்தைத் தனக்குக் காவலாகக் கொண்ட மற்றொரு பூச்சி உண்டு. லின்னேயஸ் 1764-இல் அதனை மிசிப்பஸ் என்றழைத்தார். பருப்புக்கீரை தின்று வளரும் அதன் பெண், நஞ்சின்றியே வெந்தய வரியனின் உருவைப் பூண்டிருக்கும். ஆயினும் பின்சிறகின் நடுவே மூன்று புள்ளிகள் இரா. மேல்விளிம்பருகே ஒன்றே உண்டு. அதன் ஆணோ முற்றும் வேறு: கரிய சிறகில் பக்கத்திற்கு மும்மூன்று வெண்திட்டுகள், அவற்றைச் சுற்றி நீல ஒளி. நிறத்தை மட்டும் நோக்குவோர் ஓரினத்தை இரண்டாகவும், ஈரினத்தை ஒன்றாகவும் பிழைபடக் கணக்கிடுவர்.

எருக்கைக் களையென்று வெட்டி எறிதல் இன்று எங்கும் காணும் வழக்கு. சிவபெருமானுக்கும் விநாயகருக்கும் அதன் மலரைச் சூட்டும் ஊரிலும் செடிக்குக் காவல் இல்லை. எருக்கு ஒழியின் நஞ்சுடைய பூச்சி குறையும். அது குறையின் பறவை அஞ்சக் கற்காது. கல்லாதபோது போலிக்கும் காப்பில்லை. ஆதலின், நண்பர்களே, எருக்கைப் பிடுங்குமுன் இலையின் அடிப்புறத்தை நோக்குமின். கருமையும் வெண்மையும் மஞ்சளும் வரிவரியாய் உடைய புழு ஆங்கிருப்பின், அச்செடியை விட்டுவிடுவோமாக.