பேட்டரி மேல பழி போடாதீங்க: ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணுதான்னு 10 நிமிஷத்துல பார்ப்பது எப்படி?

அடுத்தவங்க கணக்குல 100 ரூபாய் இடிச்சாலும் வவுச்சர் கேட்கிறது என் தொழில். ஆனா என் சொந்த கார் விஷயத்துல எந்த ஆதாரமும் கேட்காம 8,200 ரூபாயை விட்டேன். அந்தக் கதைதான் இன்னைக்குப் பாடம்.

என்னோடது 8 வருஷப் பழைய செகண்ட் ஹேண்ட் கார். ஒருநாள் காலையில ஸ்டார்ட் ஆகல. கடைக்காரர் பார்த்தவுடனே "பேட்டரி போச்சு சார்"ன்னாரு. ரூ. 5,600 கொடுத்து மாத்தினேன். அது 4 வருஷப் பழைய பேட்டரி, அதனால அந்தச் செலவை நான் குறை சொல்லல.

அஞ்சு மாசத்துல மறுபடியும் அதே கதை. வாரன்டி கேட்டா, "முழுசா டிஸ்சார்ஜ் ஆகியிருக்கு, வாரன்டியில வராது"ன்னுட்டாங்க. ஆபீஸ் போற அவசரத்துல இன்னொரு பேட்டரி, ரூ. 5,700. மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ஹைவேயில ஹெட்லைட் மங்கிக்கிட்டே வந்து வண்டி நின்னுபோச்சு. பின் சீட்ல மனைவியும் குழந்தையும். பக்கத்துல லாரி எல்லாம் சீறிக்கிட்டுப் போகுது. டோயிங் ரூ. 2,500.

மறுநாள் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரை வச்சுப் பார்த்துட்டு சொன்னாரு: "டைனமோ சார்ஜே பண்ணல சார். பேட்டரி பாவம், என்ன பண்ணும்?" (ஆல்டர்நேட்டரைத்தான் நம்ம மெக்கானிக்குங்க டைனமோன்னு சொல்வாங்க.) கார்பன் பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மாத்தி, கூலியோட சேர்த்து ரூ. 1,900. அவ்வளவுதான்!

சம்பளமும் சேமிப்பும்

பேட்டரி உங்க சேமிப்புக் கணக்கு. ஆல்டர்நேட்டர் உங்க மாதச் சம்பளம். ஸ்டார்ட் பண்ணும்போது சேமிப்புல இருந்து எடுக்குறீங்க. வண்டி ஓட ஆரம்பிச்சதும் லைட், ஏசி, இக்னிஷன் செலவையெல்லாம் சம்பளம் பார்த்துக்கும், மிச்சம் சேமிப்புல சேரும். சம்பளம் நின்னுபோனா எவ்வளவு பெரிய சேமிப்பும் கரையும். அந்த நேரத்துல புது பேட்டரி வாங்குறது, வேலை போனதைக் கவனிக்காம பர்சனல் லோன் எடுக்கிற மாதிரி.

நீங்களே பார்க்கலாம்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்ல வையுங்க. சிவப்பு ஒயர் மீட்டர்ல வோல்ட் துளையிலதான் இருக்கணும், 10 ஆம்ப் துளையில இருந்தா ஷார்ட் ஆகும். துப்பட்டா, தொங்குற ஐடி கார்டு எதுவும் ஓடுற பெல்ட் பக்கம் போகக்கூடாது.

1. இன்ஜின் ஆஃப்: ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, பேட்டரி டெர்மினல்ல நேரா வச்சுப் பாருங்க. 12.6 வோல்ட்னா ஃபுல் சார்ஜ். 12.2 கிட்டத்தட்ட பாதி. 12-க்குக் கீழே போனா கஜானா காலி.

2. இன்ஜின் ஆன்: இப்போ 13.8-லிருந்து 14.5 வரை ஏறணும். ஏறாம 12-லயே நின்னு மெல்ல இறங்குதா? சார்ஜ் ஆகல. 15-ஐத் தாண்டுதா? ரெகுலேட்டர் கோளாறு, அதிக சார்ஜ் பேட்டரியையே கெடுத்துடும்.

3. செலவைக் கூட்டுங்க: ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு 2,000 ஆர்பிஎம்ல பாருங்க. 13.5 பக்கம் நிக்கணும். 13-க்குக் கீழே விழுந்தா ஆல்டர்நேட்டரால செலவுக்கு ஈடு கொடுக்க முடியல.

4. வழியில கசியுதா? 2 அல்லது 3-ல ரீடிங் குறைஞ்சா, உடனே ஆல்டர்நேட்டரைக் குற்றவாளி ஆக்காதீங்க. முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணி பெல்ட் தளர்ந்திருக்கா, விரிசல் இருக்கா, டெர்மினல்ல பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கான்னு பாருங்க. அப்புறம் இன்ஜின் ஓட, லைட் எரிய, ஆல்டர்நேட்டரோட பெரிய ஒயர் முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவுல எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா ஒயர்லயோ ஜாயின்ட்லயோ கோளாறு. சம்பளம் வருது, அக்கவுன்ட்டுக்கு வந்து சேரல!

5. டாஷ்போர்டு பேட்டரி விளக்கு: சாவி போட்டதும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஓடும்போது மினுக்கினா அதுதான் முதல் எச்சரிக்கை. நான் ரெண்டு வாரம் கண்டுக்கல.

இந்த எல்லாம் சரியா இருந்தும் ராத்திரியில பேட்டரி இறங்கினா, பேட்டரியே பழசாகியிருக்கலாம், இல்ல வண்டி நிக்கும்போது ஏதோ ஒண்ணு கரன்ட் குடிக்குது. கேமராவையும் புதுசா மாட்டின மியூசிக் சிஸ்டத்தையும் முதல்ல சந்தேகப்படுங்க.

ரெண்டு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி "டைனமோ டெஸ்ட்" பண்ற பழைய பழக்கத்துக்கு விடாதீங்க. வோல்டேஜ் திடீர்னு எகிறி ஈசியூ போனா செலவு வேற லெவல். அடுத்து, ஸ்மார்ட் சார்ஜிங், மைல்ட் ஹைப்ரிட் வண்டிகள்ல வோல்டேஜ் தானாவே ஏறி இறங்கும். அதுல ஒரு ரீடிங்கை மட்டும் வச்சு முடிவு பண்ணாம, ஸ்கேனர் இருக்கிற இடத்துல காட்டுங்க.

பில்லுக்கு முன்னாடி

* "பேட்டரி போச்சு", "டைனமோ போச்சு"ன்னு சொன்னா, இன்ஜின் ஆஃப், ஆன், லோடு மூணு ரீடிங்கையும் கேளுங்க. சரியான மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டாரு.
* ஆல்டர்நேட்டரை முழுசா மாத்தணும்னு இல்ல. பிரஷ், ரெகுலேட்டர், ரெக்டிஃபையர், பேரிங் தனித்தனியா மாத்தலாம். ரோட்டரோ ஸ்டேட்டரோ கருகியிருந்தா மட்டும் புதுசு, ரீகண்டிஷன் ரெண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்க.
* பேட்டரி வாரன்டி கார்டைப் படிங்க. வண்டியோட மின்கோளாறால பேட்டரி கெட்டா பொதுவா வாரன்டி கிடையாது.
* சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ்ல தேய்மானமும் மின்கோளாறும் வராது. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா ஜம்ப் ஸ்டார்ட், டோயிங் கிடைக்கலாம். உங்க பாலிசியில இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.
* கார் ஈஎம்ஐ கட்டுற மாதிரி, மாசம் 1,000, 1,500 ரூபாய் ரிப்பேருக்குன்னு தனியா ஒதுக்குங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

என் நஷ்டம்: ரெண்டாவது பேட்டரி 5,700, டோயிங் 2,500. மொத்தம் 8,200. உண்மையான ரிப்பேர் 1,900. முதல் தடவையே இன்ஜினை ஓடவிட்டு ஒரு ரீடிங் பார்த்திருந்தா, அந்த ராத்திரி என் குழந்தை ஹைவே ஓரத்துல அழுதிருக்காது.

பணமோ பேட்டரியோ, மீதி குறையுதுன்னா மேல ஊத்துறதுக்கு முன்னாடி வரவு வருதான்னு பாருங்க. மீட்டர் வச்சுப் பார்க்கிறதை வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க வண்டி ரீடிங்கை கமென்ட்ல போடுங்க, பேசலாம்.