நாம் போன பிறகு யார் நடத்துவார்கள்?

பொறியியல் கல்லூரியில் ஒரு தொழில்நுட்ப மன்றத்தைத் தொடங்குவது எளிது. ஆகஸ்டில் பேனர், சிறப்பு விருந்தினர், குழுப்படம். பிப்ரவரியில் ஒரு சிம்போசியம். ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு வந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும். பொறுப்பாளர் படிப்பை முடித்து வெளியேறினால் அவருடைய வாட்ஸ்அப் குழுவோடு மன்றமும் அடங்கிப்போகும். அடுத்த ஆண்டு இன்னொருவர், இன்னொரு பெயர், இன்னொரு பேனர்.

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தபோது அப்படியொரு மாணவர் மன்றத்துக்கு நான் பொறுப்பேற்றேன். எங்கள் வீடு மலைமேல், வாழவந்தி நாட்டில். வீட்டைச் சுற்றி மிளகுத் தோட்டம். நான் படிப்பை முடித்து வந்த பிறகும் அந்த மன்றம் நடக்கிறது. ஜூனியர்களுக்கு ஜூனியர்கள் இப்போது அதை நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால் அதற்குக் காரணம் ஒன்றுதான். எந்த வேலையை எடுத்தாலும், ‘நாம் போன பிறகு இதை யார் நடத்துவார்கள்?’ என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். மற்ற யோசனைகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை. மன்றப் பொறுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்று அவற்றை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் மலையிலும் மரவள்ளி பரவியது, சிறுதானியம் சுருங்கியது. காசு மட்டும் அதற்குக் காரணமில்லை. சாமையின் உமியை நீக்க உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும். அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. காட்டு வேலை முடித்து வந்து, இரவுச் சோற்றுக்குச் சாமை குத்திய கைகளை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ரேஷன் அரிசி கையில் இருக்கும்போது யார் அந்தப் பாடுபடுவார்கள்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்கிறது. ஊர் விதை வங்கிகளோடு, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் அவர்கள் கிராமங்களில் வைத்தார்கள். தொழில்நுட்ப மாணவர்கள் கவனிக்க வேண்டியது அடுத்ததைத்தான். அந்த இயந்திரங்களை நடத்தும் பொறுப்பு சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அரவைக் கூலியை வாங்குவது, கணக்கு எழுதுவது, கரண்ட் பில் கட்டுவது, பழுது பார்ப்பது எல்லாமே அப்படியொரு குழு இருந்தால்தான் நடக்கும். இயந்திரத்தை இறக்கிவைக்க ஒரு நாள் போதும். அதை ஓடவைக்க ஒரு குழு வேண்டும். மன்றத்துக்குப் பொறுப்பேற்றபோது நான் மனத்தில் வைத்திருந்த பாடம் இதுதான்.

வேலையை ஊரில் தேடுங்கள்

மன்றங்கள் வழக்கமாக ஹேக்கத்தான் தலைப்புகளைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுக்கும். 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போன்ற போட்டிகள் நல்ல பயிற்சிக் களங்கள்தான். ஆனால் பரிசு அறிவித்த மறுநாளே பெரும்பாலான படைப்புகள் அட்டைப்பெட்டிக்குள் போய்விடுகின்றன. அவற்றைக் கேட்டு வாங்கியவர் என்று யாரும் கிடையாது.

நாங்கள் அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக்குப் போனோம். சோளக்காட்டுச் சந்தையிலும் செம்மேட்டிலும் உட்கார்ந்து பேசினோம். மலையில் 14 ஊராட்சிகள், ஒவ்வொன்றும் ஒரு ‘நாடு’: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று. ஒரு நாட்டின் தேவை இன்னொன்றின் தேவை ஆகாது. மிளகு காய்ந்துவிட்டதா என்று காட்டும் சென்சார் செய்யலாமா என்று மாணவர்கள் கேட்டபோது ஒரு பெரியம்மா சொன்னார்: “காஞ்ச மொளகு கையில அள்ளுனாலே தெரியும் கண்ணு. கீழ இன்னைக்கு என்ன வெலைன்னு சொல்லு, அது போதும்.”

இந்த ஒரு வாக்கியம் எங்கள் ஓராண்டு வேலைத்திட்டத்தை வகுத்துத் தந்தது. விவசாயிக்குக் கைப்பழக்கத்தில் ஏற்கெனவே தெரிந்ததை அளந்து காட்டும் கருவியைவிட, அவருக்கு எட்டாத ஒரு தகவலைக் கொண்டுசேர்ப்பது பெரிய உதவி. சமவெளிச் சந்தைகளின் விலையைத் திரட்டித் தினமும் ஒரு குரல் செய்தியாக அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்கலாம். அதற்குத் தேவைப்பட்ட கோட் மிகக் குறைவு. ஆனால் தினமும் விலை கேட்டுப் பதிவுசெய்ய ஒரு பொறுப்பாளர் வேண்டும். அந்த வேலையை மலையிலேயே உள்ள ஒரு மகளிர் குழுவின் கையில் கொடுத்த பிறகுதான் அது நிலைத்தது.

இதற்குப் பெரிய முன்னோடி ஒன்று தமிழ்க் கரையோரத்திலேயே உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமே 1998இல் புதுச்சேரியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரத் தகவலை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்க, ஊர் ஒலிபெருக்கி முழங்கியது. சுனாமி வருமுன் மக்கள் வெளியேறினார்கள். எங்கோ தொலைவில் தொடங்கும் தகவல் மீனவரின் காதை எட்ட ஒரு குழாய் ஒலிபெருக்கி தேவைப்பட்டது. உங்கள் மன்றம் செய்யும் எதற்கும் அந்தக் கடைசிக் கட்டத்தை முதலில் யோசியுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் ஓடவேண்டும்

கல்லூரி லேபில் வைஃபை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. அங்கே ஓடுவது மலையில் ஓடாது. எங்கள் மன்றத்தில் ஒரு விதி வைத்தோம்: இணையத்தைத் துண்டித்து, மின்சாரத்தை நடுவில் நிறுத்திப் பார்த்த பிறகே எதையும் வெளியே கொண்டுபோக வேண்டும்.

மலைப்பள்ளி ஒன்றுக்கு நாங்கள் அமைத்த இணையமில்லா நூலகத்தை உதாரணமாகச் சொல்கிறேன். எந்த மன்றமும் இதைச் செய்யலாம். ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு மெமரி கார்டு, கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள், இவ்வளவே தேவை. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அதில் ஏற்றிவிடலாம். அந்தச் சிறு பலகையே வைஃபை தரும். இணையம் இல்லாமலே மாணவர்கள் தேடிப் படிக்கலாம்.

மின்சாரம் திடீரென்று போகும்போது மெமரி கார்டு கெட்டுப்போவது இந்தக் கருவிகளுக்கு வழக்கமான நோய். அதனால் அதே தகவல் ஏற்றிய மாற்றுக் கார்டு ஒன்றைப் பள்ளியிலேயே வைத்தோம். அதை மாற்றப் பள்ளி மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்தோம். அதனால் அந்த நூலகம் எங்கள் வருகையை எதிர்பார்த்து நிற்பதில்லை.

சென்சார் தகவலைத் தூரத்துக்கு அனுப்ப நினைப்பவர்கள் லோரா என்ற வானலைத் தொழில்நுட்பத்தைப் பழகலாம். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும். இடையில் மறைப்பு இல்லாவிட்டால் சில கிலோமீட்டர் போகும். ஒரு மேடு குறுக்கே வந்தால் நின்றுவிடும். மலையில் நடந்து பார்க்காமல் லேபில் போடும் கணக்கை நம்பிப் பயனில்லை.

கல்லூரி பஸ்ஸை மறக்காதீர்கள்

மன்றங்கள் சோர்ந்துபோகச் சாதாரணமான காரணம் நேரம். கடைசி வகுப்பு முடிந்ததும் டே ஸ்காலர் மாணவர்கள் கல்லூரி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். விடுதி மாணவிகள் குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால், வருவது விடுதி மாணவர்கள் சிலர் மட்டும்தான். பிறகு ‘பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை’ என்று குறை சொல்வது நியாயமில்லை.

வாரம் ஒருமுறை, மதிய இடைவேளையிலோ லேப் இல்லாத கடைசி வகுப்பிலோ கூடுங்கள். துறைத்தலைவரிடம் பருவத் தொடக்கத்திலேயே பேசி அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். வெளியூர்ப் பயணத்துக்கான ஆன்டூட்டி நாட்கள் இன்டர்னல் தேர்வு வாரத்தில் விழாமல் பாருங்கள். மன்றத்தால் வருகைப்பதிவு குறைந்தது என்று ஒரு ஆசிரியர் சொன்னாலும் போதும், பெற்றோர் அடுத்தமுறை அனுப்ப மாட்டார்கள்.

முதலாண்டு மாணவருக்கு முதல் வேலை

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு அது கதவைத் திறந்தது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, சொந்த லேப்டாப் இல்லாமல், கடைசி பெஞ்சில் அமைதியாக இருக்கும் அந்தத் தம்பி தங்கைகளை மன்றம் தேடிப்போக வேண்டும்.

முதல் மூன்று மாதங்கள் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். ‘லூப்’, ‘ஃபங்ஷன்’ என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும், விளக்கம் தாய்மொழியில் இருக்கட்டும். போன் மட்டும் உள்ளவருக்கும் முழுமையான வேலை கொடுக்க முடியும். நாங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தொடங்கினோம். 2004இல் தோன்றிய அந்தத் திறந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம். மலையில் பல சிற்றூர்களுக்குப் பெயரே பதிவாகியிருக்கவில்லை. முதலாண்டு மாணவர்கள் ஊர் ஊராகப் போய், பெரியவர்களிடம் கேட்டு, கோயிலையும் பள்ளியையும் கிணற்றையும் பாதையையும் சரியான தமிழ்ப் பெயரோடு சேர்த்தார்கள். தன் ஊர்ப்பெயர் உலக வரைபடத்தில் தெரியும்போது ஒரு மாணவருக்கு வரும் தன்னம்பிக்கையை எந்தச் சான்றிதழும் தராது. அந்தக் குழுவிலிருந்துதான் பிற்காலப் பொறுப்பாளர்கள் வந்தார்கள்.

கற்பவரும் கற்பிப்பவரும் இணையாக உட்காரும் முறைக்கு விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு நல்ல முன்மாதிரி. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் கட்டற்ற மென்பொருள் பயிற்சி தருகிறார்கள். கற்றவரே அடுத்தவருக்குக் கற்பிக்கிறார். பக்கத்தில் இப்படியொரு குழு இருந்தால் உங்கள் மன்றத்தை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பை முதல் மாதமே தொடங்குங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12இல் விண்ணுக்குப் போனது. எஸ்.ஆர்.எம். மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12 அன்று போனது. அப்படிப்பட்ட வேலை ஒரே பொறுப்பாளரின் காலத்தில் முடிவதில்லை. சீனியர் விட்ட இடத்தில் ஜூனியர் பிடிக்க வேண்டும். சிறு மன்றத்துக்கும் இதே நியதிதான். நாங்கள் கடைப்பிடித்தவை இவை:

• பொறுப்பாளர் மூன்றாமாண்டு மாணவராக இருக்கட்டும். இறுதியாண்டில் ப்ளேஸ்மென்ட் வரும். அப்போது அவர் ஆலோசகராக மட்டும் இருக்கட்டும்.

• துணைப் பொறுப்பாளர் இரண்டாமாண்டிலிருந்து வரட்டும். ஒரு பருவத்தில் பாதிக் கூட்டங்களையாவது அவரே நடத்தட்டும்.

• மின்னஞ்சல், கிட்ஹப், சமூக ஊடகக் கணக்குகள் மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபரின் எண்ணோடு கட்டியிருந்தால் அவர் போகும்போது கணக்கும் போய்விடும்.

• ஆர்டுயினோ, சென்சார், கேபிள் ஒவ்வொன்றும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். எடுத்தவர் கையெழுத்திட வேண்டும்.

• ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுத வேண்டும்: என்ன செய்கிறது, எப்படி இயக்குவது, கெட்டால் என்ன செய்வது, ஊரில் யாரைக் கேட்பது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்துத் தனியாக இயக்கிக் காட்டினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

கடைசி விதி முக்கியமானது. கோட் எழுதியவர் பக்கத்தில் நின்றால்தான் ஓடும் என்றால் அது இன்னும் முடியாத வேலை.

எதை எண்ண வேண்டும்?

ஆண்டறிக்கையில் கல்லூரி நிர்வாகம் கேட்பது நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை. அதைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் மன்றத்துக்குள் வேறொரு கணக்கு வைத்திருங்கள். சென்ற ஆண்டு செய்தவற்றில் இன்றும் ஓடுபவை எத்தனை? அவற்றில் நம் உதவி இல்லாமல் ஓடுபவை எத்தனை? முதலாண்டில் வந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இன்னொருவருக்குக் கற்பிக்கிறார்கள்? இந்த மூன்று எண்களும் கூடினால் மன்றம் வளர்கிறது என்று பொருள்.

புதிய கல்வியாண்டில் மன்றப் பொறுப்பை ஏற்கப்போகும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பேனர் அடிக்குமுன் உங்கள் கல்லூரிக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நாள் போங்கள். கருவி எதையும் எடுத்துப்போக வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அங்கே கேட்டதில் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஊரில் யார் நடத்துவார், கல்லூரியில் யார் தொடர்வார் என்ற இரண்டு பதில்களையும் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.